நாளைக்குத்தான் நிஜம்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. யார் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? வேலை பார்க்கும் இடத்தில் வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'விசில்'தான். பெரிய அடுக்குமாடி அலுவலகம் அது. தீப்பிடித்தால் யார் எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும், இறங்கி எங்கே போய் வரிசையாக நிற்க வேண்டும் என்று ஒத்திகை நடத்துவது அவள் உத்தியோகம். அவள் விசிலை ஊதினால் மீட்டிங்கில் இருப்பவன் மீட்டிங்கை விட்டுவிட்டு வர வேண்டும், காபி குடிப்பவன் காபியை விட்டுவிட்டு வர வேண்டும், கழிப்பறையில் இருப்பவன்... சரி, அவனும் வந்துதான் ஆக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒரு குப்பைத்தொட்டிகூடப் புகைந்ததில்லை. எல்லாம் ஒத்திகைதான். "ஒத்திகைதாங்க, யாரும் பதற வேண்டாம்" என்று கத்திக் கத்தியே அவள் தொண்டை கட்டிக்கொண்டது. பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்கே அவள்தான் சொல்லிக் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவள், பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தக் குளிரில் குடும்பத்தோடு வெளியே போவதென்றால், சும்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளா?

போயே தீர்வது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன். மூத்தவள் பிறந்தபோது அவன் ஏதோ ஒரு கடலில் யாருக்கோ முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒப்பந்தம் முடிந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று அடுத்த ஒப்பந்தத்தையும் அவன் தலையில் கட்டினார்கள். வீடு வந்து சேர்ந்தபோது மகள் நடந்து, ஓடி, வாய் ஓயாமல் பேசவும் ஆரம்பித்திருந்தாள். அப்பனைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, அந்த மாமா எப்போ வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இந்தத் தடவை, அதிசயமாக, பொடியன் பிறக்கும்போது கப்பல்காரன் வீட்டில் இருந்தான். குளிப்பாட்டினான், ஏப்பம் விட வைத்தான், மொட்டை மாடியில் துணி காயப்போட்டான். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை அவன் கப்பல் ஏற வேண்டும். நாலு பேராக ஆன பிறகு நாலு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட வாசலைத் தாண்டியதில்லை. அவன் திரும்பி வரும்போது பொடியன் எழுந்து நிற்பான், இந்த ஆள் யாரென்று பார்ப்பான். ஒரே ஒரு நாள், நாலு பேரும் சேர்ந்து. பொடியனுக்கு அது நினைவில் இருக்காது, சரி. மற்ற மூன்று பேருக்கும் இருக்குமே.

எங்கே போவது என்பதில்தான் முதல் தகராறு. மூத்தவளுக்கு ஏழு வயசு. அவள் செய்கிற சேட்டைக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். அவள் கடலுக்குப் போகலாம் என்றாள்.

"தாயே, மாசக்கணக்கா அதைத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான் கப்பல்காரன். "லீவுலயும் எனக்குக் கடலைக் காட்டாதே. வாந்தி எடுத்துடுவேன்."

கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தோட்டம் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு கண்ணாடி மாளிகை உண்டு. வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் உள்ளே கதகதப்பாக இருக்கும், ஆள் உயரச் செடிகள் இலையை விரித்துக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓடும். வாலு அந்த ரயிலுக்காகவே தலையாட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும், அம்மாவும் தம்பியும் பின்பெட்டியில், என்று இருக்கை வரைக்கும் ஒதுக்கிவிட்டாள். அவர்கள் தெருவிலிருந்து நேரே தோட்டத்து வாசலுக்கு மணிக்கு ஒரு பஸ். கார் வேண்டாம் என்று விசில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வந்தபோது பொடியன் கத்திய கத்து இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

இரண்டாவது தகராறு அண்ணி. கப்பல்காரனின் அக்கா. இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க ஆவியிலும் இஸ்திரிச் சூட்டிலும் நிற்பவளுக்குக் குளிர் என்றாலே ஜன்ம விரோதி. விஷயம் காதில் விழுந்ததும் கையில் இருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு மாடியேறி வந்துவிட்டாள்.

"தலையே நிக்காத புள்ளைக்குத் தோட்டம் கேக்குதா? வாயைத் திறந்தா புகை வருது வெளியில. உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கித்தி மழுங்கிப் போச்சா?"

"அக்கா, நாலு சட்டை போட்டு..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"நீ பேசாதே. கப்பல்ல அடுப்பு முன்னால நிக்கிறவன் நீ. உனக்கு என்னடா தெரியும் குளிரைப் பத்தி?"

அந்த இடத்தில்தான் விசில் தன் தொழில் புத்தியைக் காட்டினாள். "அண்ணி, நாங்க ஒண்ணும் எடுத்தோம் கவிழ்த்தோம்னு போகப் போறதில்ல. ஒத்திகை பாத்துட்டுத்தான் போறோம். நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க. திரும்பி வந்ததும் புள்ளையோட பாதத்தைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா, போறதே இல்ல. போதுமா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். பாதத்தைத் தொட்டுத் தீர்ப்புச் சொல்லும் பதவி அவளுக்குப் பிடித்திருந்தது. சரி என்றாள். வானிலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடிக்கும் என்று சொன்னதால் நாளும் குறித்தாயிற்று. ஞாயிறு சலவைக் கடைக்கும் விடுமுறை.

முதல் ஒத்திகையில் பொடியன் கலந்துகொள்ளவில்லை. அவனுக்குப் பதிலாக, உப்புக்குச் சப்பாணியாக, அவன் எடைக்கு அரிசி கட்டிய ஒரு பை. அதற்கும் குல்லா போட்டு, கம்பளி சுற்றி, நெஞ்சில் மாட்டும் குழந்தைப் பைக்குள் வைத்து, கப்பல்காரன் சுமந்துகொண்டு படியிறங்கினான். வாலு தன் சின்னப் பையோடு நடுவில். விசில் பின்னால், கையில் கடிகாரம்.

"வலது பக்கமா இறங்கு. கைப்பிடியை விடாதே. வாலு, பராக்குப் பாக்காதே. ஒத்திகைன்னா நேரா முன்னால பாத்துத்தான் நடக்கணும்."

"பூனைம்மா..."

"பூனையை நிஜமா போறன்னைக்குப் பாத்துக்கலாம்."

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். பஸ் வந்தது. கையைக் காட்டாவிட்டால் ஒத்திகை எப்படி முழுமையாகும்? விசில் கையைக் காட்டினாள். பஸ் நின்றது. கதவு திறந்தது. கழுத்தில் மஃப்ளரைக் காது வரைக்கும் சுற்றியிருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்" என்றாள் விசில், கடிகாரத்தைப் பார்த்து. "திரும்பலாம்."

"ஏறலையா?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க. ஒத்திகை."

டிரைவர் அவளைப் பார்த்தார், பிறகு குல்லா போட்ட அரிசிப் பையைப் பார்த்தார். கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் இரண்டாவது ஒத்திகை. அதே நிறுத்தம், அதே பஸ், அதே மஃப்ளர். இந்தத் தடவை டிரைவர் சும்மா விடவில்லை. "ஏம்மா, வீட்ல வேற வேலையே இல்லையா உங்களுக்கு? இது பஸ்சா, இல்ல பொம்மையா?" என்று பிடித்துக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கப்பல்காரனுக்கு மானம் போயிற்று. அரிசிப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவதும் கடைசியுமான ஒத்திகை. இதில் பொடியனே நேரடியாகப் பங்கேற்றான். அண்ணி கீழே கடையிலிருந்து அவன் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, சூடு ஆறுவதற்குள் ஓடி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டாள். கடைசியில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. நாளைக்கு வேண்டிய நிஜச் சாமான்களையெல்லாம் விசில் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தாள். டயப்பர், மாற்றுத்துணி, துவாலை, எல்லாம். ஒத்திகைக்கு அதைக் கலைப்பானேன்? எடை சரியாக இருந்தால் போதும். ஆகவே துணிப் பைக்குள் பழைய செய்தித்தாள் திணித்தாள். பிளாஸ்க்கில் குழாய்த் தண்ணீர். சாப்பாட்டு டப்பாக்களைக் கப்பல்காரனிடம் விட்டாள். அவன் அவற்றில் பச்சை உருளைக்கிழங்கை நிரப்பி மூடினான்.

"நாளைக்கு இதே கனத்துக்கு முட்டையும் ரொட்டியும் இருக்கும், மேடம்" என்றான்.

வெளியே பனி மூட்டம். எதிர் வீட்டுச் சுவர்கூடப் பாதிதான் தெரிந்தது. பொடியன் அப்பன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். எல்லாம் சொல்லி வைத்ததுபோல் நடந்தது. பஸ் நிறுத்தத்தில் போய் நின்று விசில் கடிகாரத்தைப் பார்த்தபோது கப்பல்காரனின் போன் அடித்தது.

"ஆமா சார்... சொல்லுங்க சார்... இல்ல சார், செவ்வாய்க்கிழமைன்னுதானே..." அவன் நாலடி தள்ளிப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டான். முதுகைப் பார்த்தே விசிலுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வந்தவன் மகள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான். "கப்பல் முன்னாடியே வந்துடுச்சாம். நாளைக்கு விடியும்போது கார் அனுப்புறாங்க. நான் ஏறலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

விசிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை தடவை மாடி மாடியாக ஏறி ஜனங்களுக்கு 'பதறாதீங்க' என்று பாடம் எடுத்தவள்! வீட்டுக்குத் திரும்பி, நிஜச் சாமான்களை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்சைப் பிடிக்கலாமா? திரும்பினால் அவ்வளவுதான். பெட்டி கட்ட வேண்டும், அண்ணி அழுவாள், அவனுக்குப் போன்மேல் போன் வரும், நாளைக்குக் கப்பல் ஏறுகிறவனை இன்றைக்கு எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று அண்ணி வாசலில் குறுக்கே நிற்பாள். அடுத்த பஸ்சில் போனால் பொம்மை ரயிலையும் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் அது சீக்கிரமே நின்றுவிடும். பனிக்குள்ளிருந்து பஸ்சின் மஞ்சள் விளக்கு தெரிந்தது.

"இதுலயே ஏறுவோம்" என்றாள்.

"இதுலயா? பையில உருளைக்கிழங்குதான்டி இருக்கு!"

"இருக்கட்டும். ஏறுங்க."

"வாலுகிட்ட?"

போன தடவை அவன் கிளம்பியபோது வாலு அழுது அழுது காய்ச்சலில் படுத்துவிட்டாள். "வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம்" என்றாள் விசில். "இன்னிக்கு ஒரு நாளாவது சிரிச்சுட்டு இருக்கட்டும்." பிறகு மகளிடம் குனிந்தாள். "இன்னிக்குப் பெரிய ஒத்திகை, சரியா? தோட்டம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"ரயில் வரைக்குமா?"

"ரயில் வரைக்கும்."

விசில் கையைக் காட்டினாள். பஸ் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. மஃப்ளர்காரர் அவளைப் பார்த்தார், ஒரு சிரிப்புச் சிரித்தார், ஜாம் ஜாமென்று தாண்டிப் போய்விட்டார். புலி வருது கதைதான். இரண்டு தடவை ஏமாந்த மனுஷன் மூன்றாவது தடவையும் நிற்பதற்கு அவருக்கென்ன பைத்தியமா?

"ஐயையோ!" என்று கத்திவிட்டு விசில் ஓட ஆரம்பித்தாள். 'ஓடாதீங்க, நடங்க' என்று ஊருக்கே சொன்னவள், சால்வை ஒரு பக்கம் பறக்க, பின்னல் ஒரு பக்கம் ஆட ஓடினாள். கழுத்தில் கிடந்ததை வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள், தெருவில் இருந்த நாய்களெல்லாம் எழுந்து நின்றன. பஸ்சும் நின்றது.

"இன்னிக்காவது ஏறுவீங்களா?" என்றார் டிரைவர்.

"ஏறுறோம், ஏறுறோம்! சத்தியமா ஏறுறோம்!"

பின்னால் குழந்தையும் பைகளுமாகக் கப்பல்காரனும் வாலுவும் மூச்சிரைக்க வந்து ஏறினார்கள். அவர்கள் உட்காருவதற்குள் அண்ணியின் போன். கடை வாசலில் நின்று விசில் சத்தத்தையும் கத்தலையும் கேட்டிருக்கிறாள்.

"ஏய், எங்கடி போறீங்க? வெறும் ஒத்திகைன்னுதானே சொன்னே? பஸ்காரன் இழுத்துட்டுப் போறானா? போலீசைக் கூப்பிடட்டுமா?"

"அண்ணி, வந்து சொல்றேன். புள்ளை தூங்குறான். பாதம் சூடா இருக்கு. வெச்சிடுறேன்."

பஸ் ஊரைத் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி படர்ந்து கிடந்தது. கப்பல்காரன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அங்க பாரு, குதிரை! வாயிலேர்ந்து புகை விடுது பாரு!" என்றான். வாலு முதுகை நிமிர்த்திக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாக்க மாட்டியா?"

"ஒத்திகைல பராக்குப் பாக்கக் கூடாதுப்பா. நாளைக்குப் பாக்குறேன்."

டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். கப்பல்காரன் மனைவியைப் பார்த்தான். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும் விசிலுக்கு மூச்சே லேசானது. என்ன கதகதப்பு! கண்ணாடியில் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. குடை அளவு இலைகள். மண் வாசனை. பொடியனின் மேல்சட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தார்கள். முதல் முறையாக அவன் கண்ணை அகல விரித்து ஒரு பச்சை இலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே முகத்தைச் சுளித்தான், முக்கினான், சிவந்தான். என்ன நடந்தது என்று மூக்குச் சொல்லிவிட்டது.

விசில் துணிப் பையைத் திறந்தாள். செய்தித்தாள்.

"பயப்படாதே மேடம்" என்றான் கப்பல்காரன். ஒரு பெரிய இலைக்குப் பின்னால் போனான். ஸ்வெட்டரைக் கழற்றினான், உள்ளே போட்டிருந்த பனியனைக் கழற்றினான், வெறும் மேலில் ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தான். "புயல் அடிச்சப்பகூட நான் இந்தப் பனியனைக் கழட்டினதில்ல. இவன் கழட்ட வெச்சுட்டான்."

"நல்ல வேளை, துவைச்ச பனியன்" என்றாள் விசில். பிளாஸ்க்கில் இருந்த குழாய்த் தண்ணீர் அலம்புவதற்கு ஆயிற்று, செய்தித்தாள் கீழே விரிப்பதற்கு ஆயிற்று, பனியன் இடுப்பில் ஏறியது. பொடியன் அப்பன் பனியனில் ராஜா மாதிரிக் கிடந்தான். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உருளைக்கிழங்கு டப்பாவைத் திறந்து பார்த்து இன்னொரு தடவை சிரித்தார்கள். வாசல் கடையில் பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சிரித்து முடித்து நிமிர்ந்தால், வாலு வெளிவாசலுக்குப் பக்கத்தில், அவசரத்தில் ஒன்றுகூட வேண்டிய இடத்தில் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க வந்து இந்த இலையைப் பாரு. நீ ஒளிஞ்சுக்கலாம் இதுக்குப் பின்னால!" என்று கூப்பிட்டான் அப்பன்.

"நாளைக்குப்பா."

"மீன் இருக்கு தொட்டியில. சிவப்பு மீன்!"

"நாளைக்குப் பாக்கலாம்."

"நான் உன்னைத் தூக்கிக் காட்டுறேன்டா."

"நாளைக்குத் தூக்கு. இன்னிக்குத் தம்பி இருக்கான்ல, உனக்குக் கை வலிக்கும்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே வடிந்துபோனதை விசில் பார்த்தாள். கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பொடியனின் குல்லாவைச் சரிசெய்தான். சரியாக இருந்த குல்லாவைத்தான். ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரயிலைப் பார்த்தால் இவளே எல்லாவற்றையும் மறந்துவிடுவாள், இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று விழுங்கிவிட்டாள்.

பொம்மை ரயில் அதன் சின்ன நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு வண்டி, மஞ்சள் பெட்டிகள். இந்தக் குளிரில் வேறு கூட்டமே இல்லை. வண்டியோட்டி, காதுக்குல்லா போட்ட வயசாளி, மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, இதுதான் இன்னிக்குக் கடைசி" என்று குரல் கொடுத்தார்.

கப்பல்காரன் முன்பெட்டியில் ஏறி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினான். வாலு அந்த இடத்தை ஆசையோடு பார்த்தாள். ஒரு காலைக்கூட எடுத்து வைத்தாள். பிறகு பின்வாங்கிவிட்டாள்.

"வேண்டாம்மா."

"ஏன்டி? இதுக்குத்தானே ஆசைப்பட்டே?"

"இன்னிக்கு ஏறிட்டா நாளைக்குப் புதுசா இருக்காது. நான் நிஜத்துக்கு வெச்சுக்குறேன்." ரொம்பப் பொறுப்பாக, பெரிய மனுஷி மாதிரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, திரும்பலாம். எல்லாம் சரியா இருக்கு. ஒத்திகை பிரமாதம்."

விசிலின் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அத்தனையும். இந்தக் குழந்தை ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்கிறது. தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஈரத் தரையில் அப்படியே மண்டியிட்டு, மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாலு, நாளைக்கு இல்லடி."

"ஏன், மழையா?"

"அப்பா நாளைக்கு விடியக்காலைல கிளம்புறாரு. கப்பல் முன்னாடியே வந்துடுச்சாம். மத்தியானம் போன் வந்துச்சே, அதான். ஒத்திகை எல்லாம் முடிஞ்சு போச்சு. இதுதான் நிஜம்."

"ஒத்திகைன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன். நீ அழுவியோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்டா கண்ணு. தப்புதான்."

வாலு அழவில்லை. அம்மாவின் கைகளை உதறிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணாடி மாளிகையைப் பார்த்தாள், வந்த பாதையைப் பார்த்தாள், தூரத்தில் பஸ் நிற்கும் வாசலைப் பார்த்தாள்.

"அப்போ நான் எதையுமே பாக்கலியேம்மா. குதிரையைப் பாக்கல. மீனைப் பாக்கல. எல்லாத்தையும் சும்மா விட்டுட்டேனே."

கப்பல்காரன் பொடியனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அந்தச் சின்ன மரப்பெட்டியில் உட்கார்ந்தே இருந்தான். விசிலும் மறைக்கவில்லை, சால்வை நுனியால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வண்டியோட்டி ஒன்றும் புரியாமல் இவர்களை மாறி மாறிப் பார்த்தார்.

வாலு வண்டிக்குப் பக்கத்தில் போனாள். படியில் ஏறி அப்பனுக்கு நேர் எதிரில் நின்றாள். அவன் மஃப்ளரைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள். நெற்றியைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் நரைத்திருந்த முடியை ஒரு விரலால் தொட்டாள்.

"இது என்ன தழும்பு?"

"எண்ணெய் தெறிச்சது" என்றான், குரல் கரகரக்க.

"வலிச்சுதா?"

"அப்போ வலிச்சுது. இப்போ இல்ல."

அவள் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய் மற்றக் கன்னத்தையும் பார்த்தாள்.

"பாப்பா" என்றார் வண்டியோட்டி, மணிக் கயிற்றை ஆட்டியபடி. "இருட்டிட்டு வருது. ஏறுறீங்களா, இல்ல வண்டியைப் பூட்டட்டுமா?"

"ஏறுறோம் அங்கிள்" என்றாள் வாலு, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கொஞ்சம் இருங்க. நான் இன்னும் எங்க அப்பாவைப் பாத்து முடிக்கல."

வண்டியோட்டி கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார்.